மேனேஜர் சிலிர்க்கவில்லை

மாதப்பனுக்கு உட்கார வராது. மைசூர் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஏரிக்குக் கீழே இருக்கிற லேஅவுட்டில் எல்லார் வீட்டு நாற்காலியும் கால் ஆடத் தொடங்கிவிட்டது. அவர் வீட்டு நாற்காலிகளில் மட்டும் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் தாள் இன்னும் கிழியவில்லை. சென்ட்ரிங் மேஸ்திரியாக இருந்த காலத்தில் சாரத்தின் மேலேயே சாப்பிட்டவர், சாரத்தின் மேலேயே தூங்கியவர். ஒருமுறை சாரத்தைப் பிரித்துக்கொண்டு போன பிறகும் ஏதோ யோசனையில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தார் என்று கூட வேலை பார்த்தவர்கள் சத்தியம் செய்கிறார்கள். வேலையை விட்ட பிறகு அந்தக் கால்களை என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, மனைவி நாச்சம்மாளுக்கும் தெரியவில்லை.

போன ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்தது. தண்ணீர் முதலில் சாக்கடை வழியாக எட்டிப் பார்த்தது. பிறகு வாசல் வழியாக மரியாதையாக உள்ளே வந்தது. தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகு கொண்டுவந்தார்கள். முதல் நடையில் பேங்கில் வேலை பார்க்கிற ரூபாவும், அவள் மாமியாரும், பக்கத்து வீட்டுத் தம்பதியும், அவர்களுடைய கேஸ் சிலிண்டரும், பிரின்ஸ் என்ற நாயும் ஏறினார்கள். நடு ரோட்டில் போகும்போது, நனைந்த நாய் என்ன செய்யுமோ அதைப் பிரின்ஸ் செய்தது. மூக்கு நுனியில் தொடங்கி வால் நுனி வரைக்கும் ஒரு உதறு. படகு கவிழ்ந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சிலிண்டர் மட்டும் தானாகவே மிதந்து போய், இரண்டு திருப்பம் திரும்பி, ஏஜென்சிக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றது.

தண்ணீர் வடிந்தது. கொசு வந்தது. மாதப்பனின் ஒரே மகள் மோகனப்ரியா டெங்குவில் படுத்தாள். ரத்தத்தில் எதுவோ இறங்கிக்கொண்டே போகிறது என்று டாக்டர் சொல்லச் சொல்ல, நாச்சம்மாள் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே தெற்குப் பார்த்து நின்று, பாலாறு தாண்டி இருக்கிற குலசாமி முனியப்பனைக் கூப்பிட்டாள்.

"முனியப்பா, எம்புள்ள எந்திரிச்சு நடந்துட்டாப் போதும். ஆடியில உனக்குக் கெடா வெட்டறேன்."

மகள் எழுந்தாள், நடந்தாள், வேலைக்குப் போனாள், வாங்குகிற சம்பளத்தில் தினமும் கோபி மஞ்சூரியன் தின்றாள். நாச்சம்மாள் சாமராஜநகர் சந்தைக்குப் போய்க் கறுப்பில் வெள்ளைச் சுட்டி வைத்த குட்டி ஒன்றை வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் கட்டினாள். அதற்குப் பெயர் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"நேந்துவிட்ட கெடாய்க்குப் பேரு வெக்கப்படாதுங்க. பேரு வெச்சா நாக்குல ஒட்டிக்கும்."

மாதப்பனுக்குப் பெயர் கொடுத்த சாமி மலை மாதேஸ்வரன், சுத்த சைவம். குலசாமி முனியப்பன், அசைவம். இரண்டு சாமிக்கும் நடுவில் பிறந்த மனிதன் எந்தப் பக்கம் போய் உட்காருவான்? அவர் குட்டிக்கு அகத்திக்கீரை ஒடித்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

இதற்கிடையில் ரூபா சும்மா இருக்கவில்லை. நனைந்த புடவை காய்வதற்குள் லேஅவுட்டில் தொண்டர் குழு ஒன்றை ஆரம்பித்துவிட்டாள். எங்கேயோ போய்ப் பயிற்சி எடுத்துவந்தாள். வீட்டுக்கு வீடு அவசரப் பை இருக்க வேண்டும் என்றாள். டார்ச், மாத்திரை, பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டு நகல், பிஸ்கட், தண்ணீர். பிராணி இருந்தால் அதற்கும் தனிப் பை, கழுத்தில் போன் நம்பர் போட்ட பில்லை. எல்லாரும் பை வைத்தார்கள். முதல் வாரமே பாதி வீட்டில் பிஸ்கட் தீர்ந்துவிட்டது. விருந்தாளி வருவதையும் அவசரத்தில்தான் சேர்த்திருந்தார்கள்.

"அங்கிள், பிராணிங்க பொறுப்பு உங்களுக்கு," என்றாள் ரூபா.

"எங்கூட்டுல நாய், பூன எதுவுமில்லீங்களே மேடம்."

"ஆடு இதெ அல்வா, இருக்குதே அங்கிள்!"

"ஆடு இருக்குதுங்க. ஆனா அது வளக்கறதில்லீங்க. நேந்துவிட்டது."

"வெள்ளம் வந்தா நேந்துவிட்டது நனையாதா? ஸ்வல்ப யோசன பண்ணுங்க. சரி, பில்லையில எழுதணும். அதோட பேரு என்ன?"

மாதப்பன் திரும்பி வீட்டைப் பார்த்தார். நாச்சம்மாள் உள்ளே இருந்தாள். கிடா கால்களை அகட்டி நின்றுகொண்டு, பின்வீட்டில் வேலை செய்கிற ஆட்களை, ஒரு துரும்பையும் அசைக்காமல், அதிருப்தியோடு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது.

"மேனேஜர்," என்றார் மாதப்பன்.

பெயர் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து அவருடைய கால்களுக்கு வேலை கிடைத்தது. பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் குறுக்கே அறுத்துப் படகு செய்தார். பூங்காவில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி அதில் மிதக்கவிட்டார். தினமும் காலையில் லேஅவுட்டின் நாய்களும் பூனைகளும் அங்கே ஆஜராக வேண்டும். பாடம் ஒன்றுதான். ரூபா அதை மூச்சு விடாமல் சொல்லுவாள்:

"ஏறணும், நிக்கணும், மேல தண்ணி விழுந்தாலும் ஒதறவே கூடாது. கரைக்கு வந்து, காஞ்ச தரையில நின்னு, விசில் சத்தம் கேட்டா மட்டும் ஒதறலாம். போன வருஷம் நான் குடிச்ச சாக்கடத் தண்ணி போதும்!"

தொண்டர் என்றால் சட்டைப் பையில் விசில் இருக்க வேண்டும் என்பது விதி. மாதப்பன் குளிக்கும்போதும் அதைக் கீழே வைக்கவில்லை.

பிரின்ஸ் தண்ணீரைப் பார்த்ததும் சொந்தக்காரரின் தோள் மேல் ஏறி நின்றுகொண்டது. மூலை வீட்டுப் பூனை தொட்டியைப் பார்த்த கையோடு குடிபெயர்ந்து, இப்போது வேறு வார்டில் நல்ல செல்வாக்கோடு இருக்கிறது. மேனேஜர் ஒன்றுதான் படித்தது. முதுகில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவார் மாதப்பன். சிலிர்க்காமல் நின்றால் ஒரு நிப்பட்டு, அதாவது காரத் தட்டை. சிலிர்த்தால் நிப்பட்டை அவரே தின்றுவிடுவார். ஆரம்பத்தில் மாதப்பனுக்கு வயிறு உப்பியது; பிறகு கிடாவுக்கு உப்பியது. சித்திரை முடிவதற்குள், ஒரு குடம் தண்ணீரைத் தலையோடு கவிழ்த்தாலும் மேனேஜர் சர்க்கிளில் நிற்கிற சிலை மாதிரி நின்றது. விசில் அடித்தால்தான், அதுவும் குளம்புக்கடியில் தரை காய்ந்திருந்தால்தான், ஒரு உதறு உதறும். பக்கத்து லேஅவுட்டுக்காரர்கள் பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள்.

ஆடி நெருங்கியது. மாதப்பனுக்கு நிற்கவும் முடியாமல் போயிற்று. கிடாவை வேப்பமரத்தில் கட்டுவார், அவிழ்ப்பார், கேட்டில் கட்டுவார், அவிழ்ப்பார். ஏரிக்கரைக்குப் போய்த் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். திரும்பி வந்ததும், சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி போவார்.

"ஏம் புள்ள, ஆடியில மழை. பேசாம ஆவணியில வெச்சுக்கலாமா?"

"ஏனுங்க, முனியப்பன் என்ன பஸ்ஸு கண்டக்டரா? மிச்சத்த எறங்கும்போது தர்றேன்னு சொல்றதுக்கு?" என்றாள் நாச்சம்மாள். பிறகு குரல் இறங்கியது. "நாளத் தள்ளித் தள்ளி எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நீங்க சாமிகிட்டப் பேசுவீங்களா?"

அவளுக்கு விளையாட்டில்லை. மோகனப்ரியா ஒரு தும்மல் போட்டால் நாச்சம்மாள் மகளைப் பார்க்க மாட்டாள். பின்னால் கட்டியிருக்கிற கிடாவைத்தான் பார்ப்பாள். அந்தப் பார்வையை மாதப்பனும் பார்த்தார். கிடாவை வெட்டாதே என்று சொன்னால் மகளை விட்டுக்கொடு என்று சொன்னதாக ஆகும். சொல்லாமல் இருந்தால் மேனேஜர் போய்விடும். ஏரிக்கரைக்கு இன்னொரு நடை போய்வந்தார்.

ஆடி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததும் சரக்கு ஆட்டோவில் கிளம்பினார்கள். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. ரூபா மட்டும் ஓடிவந்து, தொண்டர் குழுவின் பிராணி எதுவும் பில்லையும் மிதவைச் சட்டையும் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது என்று சொல்லி, ஆரஞ்சு நிறச் சட்டையை மேனேஜருக்கு மாட்டிவிட்டாள். எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று அவளிடம் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. கோயிலுக்கு என்றார்கள். "ஒள்ளேதாயித்து, ரொம்ப நல்லது அங்கிள், நல்லா வேண்டிக்கிட்டு வரட்டும்," என்றாள்.

கொள்ளேகால் போயிற்று, ஹனூர் போயிற்று. மலையேறும்போது மாதேஸ்வரன் கோயில் இருக்கிற பக்கம் மாதப்பன் திரும்பவில்லை. கண்ணாடியில் தன் முகத்தையும் பார்க்கவில்லை. பாலாற்றுச் சோதனைச்சாவடியில் வனக்காவலர் வண்டியை நிறுத்திப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஏன்ரீ இது? ஆட்டுக்குக் கழுத்துல போன் நம்பரா?"

"அவசரம்னா கூப்படறதுக்குங்க," என்றார் மாதப்பன்.

"கோயில்ல வெட்டறதுக்குக் கொண்டுபோறமுங்க," என்றாள் நாச்சம்மாள், ஒளிவுமறைவில்லாமல்.

காவலர் மிதவைச் சட்டையைத் தடவிப் பார்த்தார். "வெட்டறதுக்கு லைஃப் ஜாக்கெட்டா?"

அப்போது தூறல் விழுந்தது. சாவடி வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து படபடவென்று உதறியது. டிரைவர் தலையைச் சிலுப்பிக்கொண்டான். திறந்த வண்டியில் நின்ற மேனேஜரின் முதுகில் தண்ணீர் வழிந்து வாலில் சொட்டியது. அது அசையவில்லை.

"என்ன ஆடுரீ இது, கல்லு மாதிரி நிக்குது!" என்றார் காவலர்.

அப்போதுதான் மாதப்பனுக்கு அது உறைத்தது.

முனியப்பன் கோயிலில் கிடாவைச் சும்மா வெட்டிவிட மாட்டார்கள். உத்தரவு கேட்க வேண்டும். மாலை போட்டு நிறுத்தி, மஞ்சள் தண்ணீரை முதுகில் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்தால் சாமி சரி என்று சொல்லிவிட்டது. சிலிர்க்காவிட்டால் சாமி வாங்க மறுக்கிறது. வீட்டில் ஏதோ குறை. சின்ன வயதிலிருந்து பார்த்த வழக்கம். அத்தனை குவளை ஊற்றியும், அத்தனை நிப்பட்டு கொடுத்தும், ஒருநாள்கூட இது அவர் புத்தியில் தட்டவில்லை.

முதலில் சந்தோஷம் வந்தது. நிஜமாகவே வந்தது; சிரிப்பை மறைக்க மீசையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் பக்கத்தில் நாச்சம்மாள் முந்தானையில் முடிந்த கற்பூரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வது தெரிந்தது. சந்தோஷம் பாலாற்றிலேயே இறங்கிக்கொண்டது.

கோயிலில் கூட்டம். முன்னால் நின்ற குடும்பத்தின் கிடா, பூசாரி சொம்பைத் தூக்கியதுமே சிலிர்த்துவிட்டது, அவ்வளவு பக்தி. மேனேஜரின் சட்டையைக் கழற்றி, மாலை போட்டு, முனியப்பன் முன்னால் நிறுத்தினார்கள். முனியப்பன் காதுக்குக் காது மீசையோடு விழித்துக்கொண்டிருந்தார்.

பூசாரி தெளித்தார். மேனேஜர் நின்றது.

"கொஞ்சம் சேத்து ஊத்துங்க," என்றார் யாரோ. பூசாரி சொம்போடு கவிழ்த்தார். மேனேஜர் நின்றது. காதுக்குள் விட்டார். ஒரு குடம் கொண்டுவரச் சொல்லி ஊற்றினார். மண் தரை சேறானது. மேனேஜர் கழுத்தைத் திருப்பி, இவ்வளவு நேரமாக நிற்கிறேனே, நிப்பட்டு எங்கே என்பது போல மாதப்பனைப் பார்த்தது.

பூசாரி சொம்பைக் கீழே வைத்தார்.

"அம்மணி, சாமி உத்தரவு குடுக்க மாட்டேங்குது. வூட்டுல யாருக்காச்சும் மேலுக்குச் சரியில்லையா?"

நாச்சம்மாள் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். அந்தக் காட்டில் சிக்னல் வந்து வந்து போயிற்று. மறுபடி அழுத்தினாள். மறுபடி. "எடுக்கலீங்க... ஏனுங்க, புள்ள எடுக்க மாட்டேங்குதுங்க," என்று அவள் சொன்ன சத்தத்தை ஆஸ்பத்திரி வராண்டாவில் கேட்ட பிறகு மாதப்பன் இப்போதுதான் கேட்கிறார்.

அவருடைய கை சட்டைப் பைக்குப் போயிற்று. விசில் இருந்தது. எடுத்து ஊதினால் போதும். மேனேஜர் சிலிர்க்கும், அவள் மனம் நிம்மதியாகும், கத்தி இறங்கும். ஊதாமல் இருந்தால் மேனேஜர் தப்பித்துவிடும். அவள் இனி மகளின் ஒவ்வொரு தும்மலுக்கும் செத்துப் பிழைப்பாள். விசிலை எடுத்தார், உள்ளே போட்டார், எடுத்தார். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மூன்று முறை கோயிலைச் சுற்றிவந்துவிட்டார். வேண்டுதல் என்று நினைத்து இரண்டு பேர் அவர் பின்னாலேயே சுற்றினார்கள்.

"நாச்சா, சாமி ஒண்ணும் வேண்டான்னு சொல்லல புள்ள," என்றார் கடைசியில். "நாந்தான் ஒதறக் கூடாதுன்னு பழக்கிப்போட்டேன்."

"என்னுங்க?"

"வெள்ளத்துக்குப் பழக்கினேன்ல. அதுதான் இது. புள்ளைக்கு ஒரு கொறையுமில்ல."

பூசாரி சிரித்தார். "ஏனுங்கோ, எத்தன கெடா பாத்திருப்பேன்? ஆட்டுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தாராமா! பொண்டாட்டியச் சமாதானம் பண்றதுக்கு ஒரு அளவு வேண்டாமுங்களா?"

"சத்தியமாங்க. இந்த விசில ஊதினா ஒதறும்."

பூசாரியின் சிரிப்பு நின்றது. யோசித்தார். "விசிலுக்கு ஒதறினா அது சாமி உத்தரவா, உங்க உத்தரவா?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. விசிலை ஊத வைப்பதும் சாமிதானே என்றது ஒரு கட்சி. அப்படியானால் போலீஸ்காரன் ஊதுகிற விசில் யாருடையது என்றது இன்னொரு கட்சி. நாச்சம்மாள் எதையும் கேட்கவில்லை. நேராக வந்து மாதப்பனின் கையிலிருந்த விசிலைப் பிடுங்கினாள். அவரைப் பார்த்தாள், முனியப்பனைப் பார்த்தாள், கன்னம் உப்ப ஊதினாள்.

காக்கைகள் பறந்தன. மேனேஜர் சிலிர்க்கவில்லை.

"ஒதறுமுன்னீங்க?" என்றாள்.

"ஈரத் தரையில ஒதறாது புள்ள. காஞ்ச எடத்துல கால் வெச்சாத்தான். அது தண்ணிக்குள்ளயே நிக்கறதா நெனச்சுட்டு இருக்குது. அதா, அந்தக் கல்லுக்கு இழுத்து நிறுத்திட்டு ஊது."

இதைச் சொல்லும்போது அவர் குனிந்துகொண்டார். ஒரு அடி தள்ளி, மண்டபத்துக்குக் கீழே, தண்ணீர் படாத கல் ஒன்று கிடந்தது. நாச்சம்மாள் கயிற்றைப் பிடித்தாள். கிடா அவளைப் பார்த்தது. சேற்றில் நான்கு காலையும் ஊன்றி, காதிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள் என்பதுபோல நின்றது. அவள் கயிற்றை இழுக்கவில்லை. கயிறு தொய்ந்தது.

"அம்மணி, பின்னால ஆளுக நிக்கறாங்க," என்றார் பூசாரி.

"நிக்கட்டுமுங்க. எம்புள்ளைக்குக் கொறையில்லீல்ல?"

"ஆடு பழகுனதுதான்னா, கொறை ஒண்ணுமில்லீங்க."

நாச்சம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "சொன்ன பேச்சக் கேக்கற சீவன் எங்கூட்டுல இது ஒண்ணுதானுங்க. இத வெட்டிப்போட்டு, இந்த மனுசனக் கூட்டிட்டுப் போயி நான் என்ன பண்றது?"

கூட்டத்தில் பெண்கள் பக்கம் பெரிய சம்மதம் எழுந்தது.

"அப்ப சாமிக்கு?" என்றார் பூசாரி.

அவள் முனியப்பனுக்கு நேராகப் போய் நின்றாள். கடைக்காரரிடம் பேசுகிற குரல்தான். "முனியப்பா, கெடா சொல்லியிருந்தேன், ஒத்துக்கறேன். கெடுத்தது இவரு. அதனால இவருதான் ஈடு கட்டோணும். ஒரு சேவ வாங்கித் தர்றேன். இவரு தலையையும் மீசையையும் எடுத்துக்கோ. அதுக்கும் மேல வேணும்னா எங்கிட்டக் கேளு, எம்புள்ளகிட்டப் போவாத."

முனியப்பன் மறுத்துப் பேசவில்லை. கோயில் வாசலில் வாங்கிய சேவல், சொம்பு தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே சிலிர்த்துவிட்டது. நாவிதர் மாதப்பனை உட்காரச் சொன்னார். அவருக்குத்தான் உட்கார வராதே. நின்றபடியே மழித்தார். மீசை விழும்போது மட்டும் மாதப்பன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மேனேஜர் தன் மாலையோடு, மொட்டைக்காக அவர் கழற்றி வைத்த மாலையையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தது.

திரும்பும்போது மலை இறங்கியதும் சிக்னல் நிலைத்தது. நாச்சம்மாளின் போன் விடாமல் அடித்தது.

"ஏம்மா இத்தன தடவ கூப்ட்ருக்க? ஆபீஸ்ல மீட்டிங்மா. ஏன், என்னாச்சு?" என்றாள் மோகனப்ரியா.

"ஒண்ணுமில்ல கண்ணு. சாப்பிட்டயா?"

"கோபி."

"தின்னு, தின்னு," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. சரக்கு ஆட்டோவின் பின்னால் இருவரும் ஒரு தார்ப்பாய்க்குள் முடங்கிக்கொண்டார்கள், கிடா நடுவில். கொள்ளேகால் வரும்வரை நாச்சம்மாள் முடியில்லாத, மீசையில்லாத அந்தப் புதிய ஆளையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க."

"சொல்லு."

"கட்டிக்கிட்ட நாள்லருந்து ஒரு வூட்டுல இருக்கறோம். எனக்குத் தெரியாம என்னய எதுக்காச்சும் பழக்கி வெச்சிருக்கறீங்களா?"

"ச்சே, ச்சே. என்ன புள்ள பேசற."

"சத்தியம் பண்ணுங்க."

மாதப்பன் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்று, தார்ப்பாயின் முடிச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்.